ரேம் வாங்கும் முன் ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் மெதுவானால் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள்: ரேம் போடு. ரேம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டர் கையில் வைத்துக்கொள்ளும் மெமரி. நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். ரேம் விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும். இருந்தாலும் சொல்கிறேன், இருக்கிற ரேமை யார் தின்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு, கீபோர்டின் இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப்பைத் தட்டுங்கள். எட்ஜ், ஃபயர்பாக்ஸிலும் இதேதான். ஒரு பட்டியல் வரும். அதில் மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். ஷிஃப்ட், எஸ்கேப். குறித்துக்கொண்டீர்களா?

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். நாலு ஜிபி ரேம் உள்ள மெஷின். பட்டா, மின்கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் அதில்தான். "தம்பி, டேப் எல்லாத்தையும் மூடினாலும் ஃபேன் கத்துது. எட்டு ஜிபி ஆக்கிக் குடு" என்றார். ஷிஃப்ட், எஸ்கேப் தட்டினேன். உச்சியில் இருந்தது எந்த வெப்சைட்டும் இல்லை, தள்ளுபடிக் கூப்பன் தேடித் தருகிற ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம். அவர் பையன் எப்போதோ போட்டதாம். அந்தக் கடையில் யார் கூப்பன் போட்டு எதை வாங்கப்போகிறார்கள்? நீக்கினோம், சத்தம் அடங்கியது. ரேம் விற்கவில்லை, எனக்கு டீயும் வடையும் கிடைத்தன.

பிரவுசர் ஏன் இவ்வளவு தின்கிறது? 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது டேப்களைத் தனித்தனி புராசஸாக, அதாவது தனித்தனி புரோகிராம் போல, பிரித்து ஓட்டியது. ஒரு பக்கம் கவிழ்ந்தால் மற்றவை பிழைக்கும். பாதி நிரப்பிய விண்ணப்பத்தை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் தனித்தனி என்றால் ரேமும் கூடுதலாக வேண்டுமே! 2018இல் ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டை வெளியே வந்ததும், ஒரு தளத்தின் தகவலை இன்னொன்று திருடாதபடி தளங்களையும் பிரித்தார்கள். அதனால் மட்டும் 10 முதல் 13 சதவீதம் மெமரி கூடும் என்று கூகுளே சொன்னது. இதை வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன். பேங்க் வேலையைப் பிரவுசரில் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிரிவினை வேண்டும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கைகாட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது. தொடாமல் கிடக்கும் டேப்பைத் தூங்கவைக்கும், கிளிக் செய்தால் பக்கம் மறுபடி லோடாகும். தூங்கக்கூடாத தளங்களை அங்கேயே குறித்துவைக்கலாம். அப்புறம், ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் போட்டு வைக்கும். உங்களுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதை எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்காக, மாற்றினாலே நல்ல வித்தியாசம் தெரியும். வணக்கம்.