பெத்ராவில் நான் பார்த்த வாய்க்கால்

வணக்கம் உறவுகளே! காற்றுச் சத்தம் கேட்டால் குறை நினைக்காதீர்கள், இரணைமடுக் குளக்கட்டில் நின்றுதான் கதைக்கிறேன். ஜோர்தானில் மூன்று வருடம் தையல் ஃபக்டரியில் வேலை செய்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்கு வந்தேன். "பெத்ரா போனீங்களா அக்கா?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். அங்கே மலைப் பாறையிலேயே செதுக்கிய பழைய நகரம்தான் பெத்ரா. போனேன். ஒரு வெள்ளிக்கிழமை லீவில், நாலு பேர் சேர்ந்து, அம்மானில் இருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம். சோறும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் கட்டிக்கொண்டுதான்.

உள்ளே போக 'சிக்' என்று ஒரு ஒடுங்கிய வழி, 1.2 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலை. சில இடத்தில் வானம் ஒரு வரம்பு அகலத்துக்குத்தான் தெரியும். எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அதிலே வாய்க்கால்! பாறையிலேயே வெட்டி, ஆள் நடக்கிற வழியோடு கூடவே வருகிறது. உள்ளே கையை விட்டுத் தடவினேன், உளி பட்ட வரி இன்னும் சொரசொரவென்று இருக்கிறது. எதிர்ச் சுவரில் சுட்ட மண் குழாய். ஒன்றின் வாய்க்குள் மற்றதைச் செருகிச் சாந்து பூசியிருக்கிறார்கள். 2000 வருடத்துக்குப் பிறகும் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சரி, படங்களில் வருகிற அந்தக் கஸ்னே, மலையில் செதுக்கிய பெரிய தூண் வைத்த முகப்பு, இந்த வழி முடிகிற இடத்தில். ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். கல் அடுக்கிக் கட்டியதில்லை, மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். உச்சியில் ஒரு கல் குடம். அதற்குள் புதையல் என்று நம்பிப் பெதூயின் என்கிற பாலைவன நாடோடி ஆட்கள் சுட்டுப் பார்த்த தழும்பு தெரிகிறது. குடமோ முழுக் கல்! எங்கள் காட்டுக்குள் இரவில் புதையல் தோண்டப் போய்ப் பிடிபடுகிறவர்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

செதுக்கியவர்கள் நபாத்தேயர், சாம்பிராணி வியாபாரத்தில் பணம் பார்த்த அரபுச் சனம். கி.பி. 106 இல் நகரம் ரோமர் கைக்குப் போனது, 363 இல் பெரிய நிலநடுக்கம்.

அங்கே வருடம் முழுக்கப் பெய்கிற மழையை எங்கள் மாரி சில நாளில் கொட்டிவிடும். ஆனால் பெய்தால் மலைத் தண்ணீர் மொத்தமும் சிக்குக்குள் பாயும். அதனால் வாசலில் அணை போட்டு, மலையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். பார்க்க ஆளில்லாமல் அந்த அணை அழிந்துபோனது. 1963 இல் வெள்ளம் உள்ளே புகுந்து இருபதுக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அப்புறம்தான் திரும்ப அணை கட்டினார்கள். 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சிச் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். கஸ்னேயை ஒரு தள்ளுத் தள்ளினார். சுவர்ப் படத்தில் நின்று, பெரிதாக்கிப் பார்த்து, "தண்ணி எங்கையிருந்து வந்தது பிள்ளை?" என்றார். மலைக்கு அங்காலே வாதி மூசா ஊற்றிலிருந்து என்றேன். "குழாய்க்குள்ளை மண் அடைச்சால்?" இடையிடையே மண் தங்கத் தொட்டி வெட்டியிருக்கிறார்கள் என்றதும்தான் மனிதர் போனைத் திருப்பித் தந்தார்.

மலை உச்சியில் 'தைர்' என்று கஸ்னே மாதிரிச் செதுக்கிய இன்னொன்று, ஏற 800க்கு மேல் படி. பாதியில் என் சப்பாத்தின் அடி கழன்ற கதை அடுத்த வீடியோவில். அப்பா போனில் கூப்பிடுகிறார், இன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. மடை திறக்கப் போகவேண்டும்.