முடிவைச் சொன்னால் என்ன?

அவையோருக்கு வணக்கம்.

சினிமா, தொலைக்காட்சி பற்றி யாரும் ஏற்காத ஒரு கருத்தைப் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். இந்த வகைக் கருத்துகளில் பெரும்பாலானவை போலி. "விருது வாங்கும் படங்கள் தூக்கத்தை வரவழைக்கின்றன" என்று ஒருவர் பெரிய துணிச்சலோடு அறிவிப்பார். பாதி அரங்கம் கைதட்டும். கைதட்டல் வாங்கிய பிறகு அது எப்படி யாரும் ஏற்காத கருத்தாகும்? அதனால் கைதட்டல் வராத ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நல்ல படம் கெட்டுப்போகாது. 'ஸ்பாய்லர்' என்று நாம் போடும் கூச்சலில் முக்கால்வாசி வீண்.

சில படங்களின் முடிவுகள் இந்தப் பேச்சில் வரும். காதைப் பொத்திக்கொள்ள நினைப்பவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காட்சியிலேயே நாயகன் இறந்துவிடுகிறான். அடுத்து ஒரு செய்திப்படம் ஓடுகிறது. அவன் எப்படிப் பணக்காரனானான், யார் யாரை மணந்தான், தேர்தலில் எப்படித் தோற்றான், கடைசிக் காலத்தில் எப்படித் தனித்துக் கிடந்தான், எல்லாம் அதில் வந்துவிடுகிறது. கதைச்சுருக்கத்தைக் கையில் கொடுத்த பிறகுதான் படமே தொடங்குகிறது. பல ஆண்டுகள் உலகின் தலைசிறந்த படமாக விமர்சகர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

1997இன் 'டைட்டானிக்' இன்னும் ஒரு படி மேலே. கப்பல் மூழ்கும் என்பது 1912இலிருந்து உலகமே அறிந்த செய்தி. அது போதாதென்று, படத்தின் தொடக்கத்தில் ஒரு கணினித் திரையில், தண்ணீர் எங்கே புகுந்தது, பின்பகுதி எப்படித் தூக்கிக்கொண்டது, உடல் எங்கே முறிந்தது என்று வரைபடமாகவே காட்டிவிடுகிறார் இயக்குநர். ஏன்? பிறகு உண்மையிலேயே கப்பல் சாயும்போது, "என்ன நடக்கிறது?" என்று நாம் குழம்பக் கூடாது. கப்பலின் கணக்கு முடிந்துவிட்டதால் நம் கண் முழுக்க மனிதர்கள் மேல் நிற்கிறது.

இது வெளிநாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் புரட்டிப் பாருங்கள். சிலம்பு விற்கப் போனதும், பொற்கொல்லன் சூழ்ச்சியும், கோவலன் கொலையுண்டதும் அங்கேயே வந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் கொலைக்களக் காதையைப் படிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

"அதெல்லாம் சோகக் கதை, மர்மக் கதைக்குப் பொருந்துமா?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) மர்மக் கதைதான். அதற்கு மூலமான பிரெஞ்சு நாவல் ரகசியத்தைக் கடைசிவரை பொத்திவைக்கிறது. ஹிட்ச்காக் என்ன செய்தார்? படம் முடிய இன்னும் நிறைய நேரம் இருக்கும்போதே, இறந்துபோன பெண்ணும் இப்போது எதிரே நிற்கும் பெண்ணும் ஒருத்திதான் என்று நம்மிடம் மட்டும் சொல்லிவிடுகிறார். நாயகனுக்குத் தெரியாது. அதன்பிறகு அவன் அவளுக்குப் பழைய உடையை வாங்கித் தருகிறான், தலைமுடியின் நிறத்தை மாற்றச் சொல்கிறான். ரகசியம் தெரியாமல் பார்த்தால் அது ஒரு பித்தனின் பிடிவாதம். தெரிந்து பார்த்தால், தான் நடித்த பொய்க்குள்ளேயே ஒரு பெண் மறுபடி அடைக்கப்படும் கொடுமை. அவள் முகத்தில் ஓடும் ஒவ்வொரு தயக்கத்துக்கும் அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. ரகசியத்தைக் கடைசிவரை மறைத்திருந்தால், படத்தின் மிக வலிக்கும் அரைமணி நேரம் நமக்குக் கிடைத்திருக்காது.

தொலைக்காட்சியில் 'கொலம்போ' தொடரும் இப்படித்தான். கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். அதையும் உலகம் ஆண்டுக்கணக்கில் பார்த்தது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2011இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்பே அறிந்தவர்கள்தான் கதையைக் கூடுதலாக ரசித்தார்கள் என்று வந்தது. இத்தோடு நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் 2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற இருவரின் ஆய்வு நேர்மாறாக வந்தது. மேலும் இவை சிறுகதைகள், திரைப்படங்கள் அல்ல. எனவே அறிவியலை என் கட்சிக்கு இழுக்க மாட்டேன்.

அதைவிட நல்ல சான்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அதில் வரும் திருமண விருந்துப் படுகொலை 2000இல் வந்த நாவலிலேயே இருந்தது. தொடரில் அது ஒளிபரப்பானது 2013இல். நாவல் படித்த எத்தனையோ பேர் முழுக் கதையும் தெரிந்தே உட்கார்ந்து பார்த்தார்கள். படிக்காதவர்கள் கடைசி நிமிடங்களில் அதிர்ந்தார்கள். படித்தவர்களோ மண்டபத்தின் கதவு சாத்தப்படும்போதே, வாத்தியக்காரர்கள் பாட்டை மாற்றும்போதே நடுங்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கு அதிகம் கிடைத்தது? பிற்பாடு தொடர் நாவல்களைத் தாண்டிப் போனது. முடிவு யாருக்கும் தெரியாத நிலை. 2019இன் அந்தக் கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். ரகசியம் காத்ததால்தான் அது கெட்டது என்று சொல்ல மாட்டேன். காத்தும் காப்பாற்ற முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1955இன் பிரெஞ்சுப் படமான 'லே தியாபோலிக்', முடிவை நண்பர்களிடம் சொல்லாதீர்கள் என்ற வேண்டுகோளோடு முடிகிறது. 1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதையே பெரிய விளம்பரமாக்கினார்கள். இரண்டும் கெட்டிக்கார வியாபாரம். அதை நாம் ஒழுக்க விதியாக்கிக்கொண்டோம். 2013இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் முதல் பருவத்தை ஒரே நாளில் மொத்தமாக வெளியிட்ட பிறகு நிலைமை முற்றியது. ஒருவர் மூன்றாம் பகுதியில், ஒருவர் பத்தாவதில். யாரும் யாரோடும் வாய் திறக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், தயாரிப்பாளர்களே இந்த விதியை மதிப்பதில்லை. 'டெர்மினேட்டர் 2' படத்தில் ஷ்வார்ஸ்நேக்கர் இம்முறை நல்லவர் என்பது தொடக்கத்தில் ஒரு புதிர். முன்னோட்டமே அதை உடைத்துவிட்டது. 'காஸ்ட் அவே' முன்னோட்டம், தீவில் தனியே சிக்கியவன் ஊர் திரும்புவதையே காட்டியது. டிக்கெட் விற்க உதவினால் சொல்லலாம், பார்வையாளர் சொன்னால் துரோகம். இது என்ன நியாயம்?

எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம் விமர்சனம். ஒரு படம் தன் மனிதர்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது முடிவில்தான் வெளிப்படுகிறது. யாரைத் தண்டிக்கிறது, யாரை மன்னிக்கிறது, யாரைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது? நம் விமர்சகர்களோ இடைவேளைவரை கதையைச் சொல்லிவிட்டு, "மீதியைத் திரையில் காண்க" என்று கையை உதறிவிடுகிறார்கள். ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை பலம், அவ்வளவுதான். அநியாயமான முடிவு கொண்ட படம் இப்படித்தான் கேள்வியே கேட்கப்படாமல் தப்பித்துப் போகிறது. வெளியாகி ஒரு மாதம் ஆனபின், விவாதிக்க யாருக்கும் ஆர்வம் இருப்பதில்லை.

பார்க்காத ஒருவர் "சொல்லாதே" என்றால் நானும் சொல்ல மாட்டேன். அது மரியாதை. அந்த மரியாதைக்காக மற்றவர்கள் அனைவரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விமர்சனத்தின் தலைப்பில் "இதில் முடிவு பேசப்படுகிறது" என்று ஒரு வரி போடுங்கள். விருப்பமில்லாதவர் பக்கத்தைத் திருப்பட்டும். மற்றவர்களுக்காக, கடைசிக் காட்சியிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.