கேனிங் ஆறும் ஒரு நில அளவையாளரும்

வணக்கம் நேயர்களே. ஒரு நிலத்தை உண்மையாக வரைய வேண்டுமென்றால் அங்கே போய்த் தங்க வேண்டும். பழைய வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். அலாஸ்காவின் வடகோடியில் ஓடும் கேனிங் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ஸ் மலைத்தொடரில் பிறந்து, வடக்கே ஆர்க்டிக் கடலில் விழுகிறது.

1826இல் ஆங்கிலேயக் கடற்பயணி ஜான் பிராங்கிளின் அந்தக் கரையோரமாகப் படகில் போனார். அங்குள்ள ஃபிளாக்ஸ்மன் தீவுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஒரே மூடுபனி, கரையை ஒட்டி ஆழமும் இல்லை. படகிலிருந்து கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் வரைய முடிந்தது. ஆறு எந்த மலையிடுக்கில் இறங்குகிறது என்பதெல்லாம் கடலில் இருந்தபடி எப்படித் தெரியும்?

தங்கிப் பார்த்தவர் அமெரிக்க நில அளவையாளர் எர்னஸ்ட் லெஃபிங்வெல். 1906இல் ஒரு பயணக் குழுவோடு வந்தார். கப்பலைப் பனிக்கட்டி சேதப்படுத்திவிட்டது. அந்தக் கப்பலின் மரத்தைக் கொண்டே ஃபிளாக்ஸ்மன் தீவில் குடில் போட்டார்கள். மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகும் இவர் விடவில்லை. நடுவில் ஊருக்குப் போய் வந்தாலும், 1914 வரை வேலை அங்கேதான். செலவு பெரும்பாலும் சொந்தப் பணம். குளிர்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, கோடையில் சிறு படகு.

சரி, அங்கே அவர் பார்த்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோடையில் வற்றிய ஏரியின் களிமண் கட்டம் கட்டமாக வெடித்திருக்குமே, அந்த மாதிரிதான் அந்தச் சமவெளியும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் பல மீட்டர் அகலம். காரணம் வெயில் இல்லை, குளிர். கடுங்குளிரில் உறைந்த மண் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் பனி உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த குளிரில் அதே இடத்தில் மறுபடி வெடிப்பு, மறுபடி நீர், மறுபடி உறைவு. நூற்றாண்டுக்கணக்கில் இப்படியே நடந்து, மண்ணுக்குள் ஆப்பு போலப் பனி வளர்கிறது. 1915இல் லெஃபிங்வெல் இதை எழுதினார். உறைமண் ஆய்வில் இன்றும் அது அடிப்படை. மண்ணுக்குள் இவ்வளவு பனி இருப்பதால்தான் கடலலை பட்டதும் கரை இடிந்து விழுகிறது. கரை அரிப்பையும் அவர் கவனித்து எழுதினார். கரை நகர்கிற ஊரில் பழைய வரைபடம் எவ்வளவு பெரிய சாட்சி என்று நினைத்துப் பாருங்கள்!

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அந்தப் பகுதியின் பழங்குடிகளான இனுப்பியாக் மக்கள் அந்த இடங்களுக்கு வைத்திருந்த பெயர்களை அவர் பதிவு செய்தது பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். இன்னொன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1919இல் அமெரிக்க நிலவியல் அளவைத்துறை அவருடைய அறிக்கையை வெளியிட்டது. சாட்லரோச்சிட் என்று அவர் பெயரிட்ட பாறையடுக்கில்தான் அதே வட அலாஸ்கா கரையில் 1968இல் கண்டுபிடிக்கப்பட்ட புருடோ விரிகுடா எண்ணெயின் பெரும்பகுதி இருந்தது. நன்றி, வணக்கம்.