ஏழாம் நம்பர் ரயில்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. மகள் நியூயார்க்கில் பிளஷிங் பகுதியில் இருக்கிறாள். நம்மவர்கள் பிள்ளையார் கோயிலுக்கும் அதன் கேன்டீன் தோசைக்கும் தேடி வருவார்களே, அதே பிளஷிங்தான். அங்கே தங்கியிருந்த நாட்களில் மற்றவர்கள் சுதந்திரதேவி சிலையைப் பார்க்கப் போனார்கள். நான் சப்வே என்கிற சுரங்க ரயிலில் சுற்றினேன்.

போன முதல் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை, முருங்கைக்காய் வாங்கக் கிளம்பினேன். "அப்பா, ஏழாம் நம்பர்ல ஏறுங்க, 74-ஆவது தெருவுல இறங்குங்க, அவ்வளவுதான்" என்றாள் மகள். ஏறி உட்கார்ந்தேன். சப்வே என்று பேர்தானே தவிர, சற்றுத் தூரத்தில் வண்டி வெளியே வந்து தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. ஜங்ஷன் புலவார்டில் நின்றது. அப்புறம் நிற்கவே இல்லை. 90 போயிற்று, 82 போயிற்று. நான் எழுந்து கதவருகே நிற்க, கண் முன்னாலேயே 74-உம் போயிற்று! 61-ஆவது தெருவில்தான் மூச்சு விட்டது. படியிறங்கி, எதிர்ப் பக்கம் ஏறி, இரண்டு ஸ்டேஷன் திரும்பி வந்தேன்.

வீட்டில் ஒரே சிரிப்பு. "வண்டியில 7 என்கிற எண்ணைச் சுத்தி என்ன போட்டிருந்தது? வட்டம்னா எல்லா ஸ்டேஷன்லயும் நிற்கும். சீட்டுக்கட்டு டைமன் மாதிரி இருந்தா எக்ஸ்பிரஸ். நீங்க டைம் கீப்பரா இருந்தவர்தானே அப்பா?" அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவும் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பாதையில் தண்டவாளம் மூன்று. ஓரத்தில் இரண்டு, போக ஒன்று, வர ஒன்று. நடுவில் இருப்பது எக்ஸ்பிரஸுக்கு. காலையில் எல்லோரும் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறார்கள், நடுப்பாதையும் அந்தப் பக்கமாக ஓடும். மாலையில் அதே தண்டவாளம் பிளஷிங் பக்கம் ஓடும். கூட்டம் போகும் பக்கம் பாதையைத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். டெப்போக்காரனுக்கு இதைப் பார்த்தால் கை தட்டத் தோன்றும்.

மன்ஹாட்டனில் பல பாதைகளில் தண்டவாளம் நான்கு. 1904 அக்டோபர் 27-இல் முதல் சப்வே திறந்தபோதே பெரும்பகுதியை நான்காகப் போட்டுவிட்டார்கள். செலவு அதிகம்தான். ஆனால் அதன் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறார்கள். அந்த சப்வே இரவெல்லாம் ஓடுகிறது. நம் சென்னை மெட்ரோ இரவில் மூடுகிறது, பழுது பார்க்க நேரம் வேண்டும், போக ஒன்று வர ஒன்றுதானே இருக்கிறது. அங்கே இரவில் எக்ஸ்பிரஸ் வண்டியையும் ஓரப்பாதைக்குத் தள்ளிவிட்டு, நடுப்பாதையில் பழுது பார்க்கும் ஆட்களை இறக்கலாம். ஒரு வண்டி படுத்துவிட்டால், பின்னால் வருவதைப் பக்கத்துப் பாதையில் திருப்பலாம். நான்கு தண்டவாளம், நேயர்களே, நான்கு. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் அங்கே குழம்புவது வண்டிகளின் எழுத்திலும் எண்ணிலும்தான். சாலை வேறு, பஸ் நம்பர் வேறு, இல்லையா? அண்ணா சாலையில் எத்தனையோ நம்பர் பஸ் போகிறது, போகப் போகப் பிரிகிறது. அப்படியேதான் அங்கேயும். 4, 5, 6 மூன்றும் மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவுக்கு அடியில் போகின்றன, அதனால் மூன்றுக்கும் பச்சை நிறம். மன்ஹாட்டனைத் தாண்டினால் அதது அதன் வழி. நிறம் பாதையைச் சொல்லும், நீங்கள் எங்கே இறங்க முடியும் என்பதை எண்ணும் எழுத்தும்தான் சொல்லும்.

சிலது எண், சிலது எழுத்து என்று ஏன்? அது பழைய கதை. இரண்டு தனியார் கம்பெனிகள், நகரமே நடத்திய ஒன்று, ஆக மூன்று. 1940-இல் எல்லாம் நகரத்தின் கைக்கு வந்தன. முதல் கம்பெனியின் சுரங்கம் குறுகல். எண் வண்டிகள் அந்த வழிவந்தவை, ஒல்லி. எழுத்து வண்டி அகலம், அந்தச் சுரங்கத்துக்குள் நுழையாது. குயின்ஸ்பரோ பிளாசா ஸ்டேஷனில் ஒரே பிளாட்பாரத்தில் இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் என் வண்டி. என் என்றால் ஆங்கில எழுத்து, என்னுடையது இல்லை. இரண்டும் சேர்ந்து நின்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வானொலி நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார், நேரம் முடியப்போகிறதாம். சரி, கண்டக்டர் கதை மட்டும். அவர் வண்டியின் நடுப்பகுதியில் இருப்பார். பிளாட்பாரத்தில் அவருக்கு நேரே கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட ஒரு பலகை தொங்கும். வண்டி நின்றதும் ஜன்னலைத் திறந்து, அந்தப் பலகையை விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். வண்டி சரியான இடத்தில் நின்றிருக்கிறது, எல்லாப் பெட்டியும் பிளாட்பாரத்துக்குள் இருக்கிறது என்று தனக்குத்தானே உறுதி செய்துகொள்வது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சுட்டியாக வேண்டும். ஒருநாள் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பதினோரு வண்டி எண்ணினேன், ஒருவர்கூடத் தவறவில்லை.

சிக்னல் பற்றித்தான் நிறையக் குறித்து வந்தேன், அதற்கு இடமில்லை. 1904-இல் தொடங்கிய சிட்டி ஹால் ஸ்டேஷன் ஒன்றையாவது சொல்லிவிடுகிறேன். வளைந்த பிளாட்பாரம், நீளமான வண்டிகளுக்கு ஒத்துவரவில்லை, 1945 கடைசி நாளில் மூடிவிட்டார்கள். ஆனால் 6-ஆம் நம்பர் வண்டி கடைசி ஸ்டேஷனைத் தாண்டி அதன் வழியாகத்தான் இன்றும் திரும்புகிறது. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஜன்னலில் அந்த ஓடு பதித்த வளைவுகள் தெரியும். நான் மூன்று முறை பார்த்தேன். வணக்கம்.