காட்டுக்குள் எந்தத் துப்பாக்கி?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கண்டக்டராக, அதாவது வெளிவேலைகளை மேற்பார்க்கிறவராக வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் காட்டை விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிற ஆள் நான். கோர்பு மலைக்குப் போகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னிடம், "அங்கிள், காட்டுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று கேட்கிறார்கள். அலாஸ்காவில் மலையேறுகிறவர்கள் நெஞ்சில் கைத்துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு நடக்கிற வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி. கேட்கட்டும், நல்ல கேள்விதான், நேராகவே பதில் சொல்கிறேன்.

அங்கே உள்ள பழுப்புக் கரடி லேசுப்பட்டதல்ல. கடலோரத்து ஆண் கரடி 400 கிலோவையும் தாண்டும், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முப்பது மீட்டர் தள்ளிப் புதரிலிருந்து பாய்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே வினாடி. அதனால் சிலர் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்ட 12 போர் அளவுக் குழல் கொண்ட பம்ப் துப்பாக்கி எடுப்பார்கள். அடி பலமாக விழும், ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் கனம், நாள் முழுக்கக் கையில் பிடித்து நடக்க முடியாமல் கடைசியில் பையில் கட்டிவிடுவார்கள். சிலர் .44 மேக்னம் ரிவால்வர் எடுப்பார்கள். கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், ஆனால் ஓடி வருகிற மிருகத்தின் மேல் அதைக் குறி வைப்பது பழகியவனுக்கே கஷ்டம். இதற்கெல்லாம் நடுவில் மிளகாய்க் காரம் கலந்த கரடி ஸ்பிரே என்று ஒரு டப்பா இருக்கிறது. அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் அது பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் வேலை செய்திருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் கதை வேறு. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியை விரட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலும் ரைபிள்தான் கொண்டுபோகிறார்கள். வெட்டவெளிப் பனி, வருகிற கரடி தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

தெரியும் என்று சொன்னேன் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் காட்டில் பத்தடிக்கு அப்பால் என்ன தெரிகிறது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புதுக்கிராமத்திலிருந்து லைசென்ஸ் உள்ள சீனப் பெரியவர் ஒருவர் வந்தார். அவர் கையில் ரெட்டைக் குழல் செனாப்பாங் பாத்தா, நடுவில் மடங்குகிற வேட்டைத் துப்பாக்கி. குழலை மடக்கி முழங்கை மேல் போட்டிருப்பார், தோட்டா சட்டைப் பையில்தான் இருக்கும். பின்னால் மண்டோரும் (கூலியாட்களுக்கு மேஸ்திரி) நானும். எல்லைக் கால்வாய் ஓரம் பெரணிப் புதரைத் தாண்டும்போது, உறுமல்கூட இல்லாமல் ஒரு பன்றி வெடித்துக்கொண்டு வந்தது. பெரியவர் பையில் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்துக் குழலில் சொருகினார், பித்தளை அடிப்பாகம் மினுங்கியது, அதற்குள் பன்றி எனக்கும் மண்டோருக்கும் நடுவில் புகுந்து போய்விட்டது. அவர் குழலை மூடவே இல்லை. நாங்கள் பின்னால் நின்றோமே! சொருகிய தோட்டாவை விரலால் உருவித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எத்தனையோ வருஷம் வேட்டையாடிய மனுஷர் அவர். அவருக்கே அந்த இரண்டு வினாடி போதவில்லை. பத்திரமாகக் கொண்டுபோனால் நேரத்துக்கு உதவாது. தோட்டா போட்டு விசையில் விரல் வைத்தே நடந்தால், வழுக்குகிற வேர்மேல் கால் சறுக்கும்போது முன்னால் போகிற கூட்டாளியின் முதுகில்தான் குண்டு பாயும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றையடிப் பாதையில் வரிசையாக நடக்கிறவர்களுக்குச் சுடுவதற்குப் பாதுகாப்பான திசையே கிடையாது.

அப்புறம், நம் காட்டில் எதைச் சுடப் போகிறீர்கள்? மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கவே கொடுத்துவைத்திருக்க வேண்டும். நம்ம சூரியக் கரடிதான் உலகத்துக் கரடிகளிலேயே சின்னது. பேசிக்கொண்டே நடந்தால் அது தானாக விலகிவிடும். குட்டியோடு நிற்கிற யானையிடம் துப்பாக்கியைக் காட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

நீங்கள் பயப்பட வேண்டியது அடுத்தவர் துப்பாக்கிக்குத்தான். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி நம் நாட்டில் அவ்வப்போது வருகிறது. தோட்டத்து ஓரத்தில், இருட்டுகிற நேரத்தில் கறுப்புச் சட்டை போட்டு நடக்காதீர்கள். ஆரஞ்சு, பளிச்சென்ற மஞ்சள் போடுங்கள், தலையில் விளக்கு எரியட்டும், சத்தமாகப் பேசுங்கள். பிள்ளைகளே, காட்டில் சத்தம் போட்டு நடக்கச் சொல்கிறேன்!

சட்டமும் இருக்கிறது. 1948 ஜூன் 16-இல் எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது. அந்தக் காலத்தில் அனுமதியில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்றைக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. மலையேற்றத்துக்குத் துணையாக என்று சொல்லி லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார், நேரம் முடிகிறது. என்ன கொண்டுபோகலாம் என்று நீளமாகப் பேச வந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பாராங் என்கிற வெட்டுக்கத்தி, விசில், தலைவிளக்கு, அதற்குக் கூடுதல் பேட்டரி, வனத்துறை பெர்மிட். ஆற்றைக் கடக்கும்போது கெபாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்கிற வெள்ளம், வருகிறதா என்று மேல்பக்கம் ஒரு கண் இருக்கட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால், பையைப் பற்றி யோசிக்காமல் கரையேறுங்கள், உயரமான இடத்துக்கு. மழை மலையில் பெய்திருக்கும், உங்கள் தலைக்கு மேல் வெயிலடிக்கும். நன்றி, வணக்கம்.