கல்மரத்துக்கு ஒரு நோட்டு

(வானூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, கிராம நிர்வாக அலுவலர் அவர்களே, நூலகர் அவர்களே, மைக் செட் தம்பி, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்த மண்டபத்தில் ஓடுகிற மின்விசிறிகள் அவர்கள் முயற்சியால் வந்தவை என்று நூலகர் சொன்னார். நானும் அவர்களிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன். அதனால் பாராட்டை முன்கூட்டியே செலுத்திவிடுகிறேன்.

கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரம், அதன் துண்டு கிடைத்தால் அது என்ன மரம் என்று கண்டுபிடிப்பது எப்படி, இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. நாலு விஷயம் பேசலாம் என்று வந்தேன். கையில் இருப்பது கல்மரம்தானா? என்ன மரம்? எவ்வளவு வயது? என்ன விலை போகும்? நாலாவதைச் சொன்னதும் கடைசி வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள், பார்த்துவிட்டேன்.

திருவக்கரை உங்களுக்குப் பக்கத்து ஊர். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் கல்மரப் பூங்காவை எட்டிப் பார்ப்பதில்லை. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதி வைத்தார். இப்போது பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிறது. அங்கே கிடக்கும் மரங்களுக்குச் சுமார் 2 கோடி ஆண்டு வயது. வேரும் இல்லை, கிளையும் இல்லை, வெறும் அடிமரங்கள். எங்கேயோ நின்ற மரங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்திருக்கிறது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, அதாவது மணலில் இருக்கிற அதே பொருள், மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து படிந்து, மரம் கல்லாகிவிட்டது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். நான் எங்கே பேசினாலும் இந்தப் பழமொழி வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆறே அள்ளிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது, அளக்காமல். அளக்கிற வேலையை நமக்கு விட்டு வைத்திருக்கிறது.

சரி, முதல் விஷயம். வரியோடிய கல்லெல்லாம் கல்மரம் ஆகாது. சிலிக்காவாக மாறிய கல்மரத்தில் பேனாக்கத்தி கீறல் போடாது. அந்தக் கல்தான் கண்ணாடியைக் கீறும். ஆனால் சாதாரண வெள்ளைப் படிகக் கல்லும் கண்ணாடியைக் கீறும் என்பதால், இது மட்டும் போதாது. மரத்தின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். எல்லோரும் கல்லின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து "ஆகா, பட்டை தெரிகிறது" என்கிறார்கள். பார்க்க வேண்டியது குறுக்கே உடைந்த முகம். அதைத் தண்ணீரில் நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள்.

இடியாப்ப அச்சு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அது பூக்கும் மரம், மா, மருது, புளி மாதிரி. அந்த ஓட்டைகள் தண்ணீர் ஏறிய குழாய்கள். ஓட்டையே இல்லாமல் ஒரே அளவான நுண்ணறைகள் வரிசை பிடித்து நின்றால் பைன் போன்ற ஊசியிலை மர இனம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் கிடக்கிறதே, அது அந்த இனம். அது கடல் அங்கே வரைக்கும் இருந்த, டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்தது, திருவக்கரைக்குப் பல மடங்கு மூத்தது. ஆண்டு வளையமும் இல்லை, நடுவிலிருந்து ஓடும் கதிர்க்கோடும் இல்லை, புள்ளி புள்ளியாக நார்க்கற்றை சிதறிக் கிடக்கிறது என்றால் பனை வகை.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்தவை, மரம் தந்தவை அல்ல. சிவப்பாக இருந்தால் செம்மரம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார், நல்ல மனிதர், அவரோடு நான் சண்டை போடவில்லை.

ஒரு கதை சொல்கிறேன். கல் சேர்க்கிற தம்பி ஒருவன் என்னை ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனான். கிணற்றடியில் துவைக்கிற கல். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஆயா ஒருவர் புடவையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். "ஆயா, கொஞ்சம் நகருங்க, கல்லைப் பார்க்கணும்" என்றேன். "நாப்பது வருஷமா இங்கதான் கெடக்குது, இன்னைக்கு என்ன அவசரம்?" என்றார். துவைத்து முடிக்கும் வரை காத்திருந்தோம். நல்லவேளை, கல் நனைந்தே இருந்தது. ஓரத்தில் லென்ஸை வைத்தால், அத்தனையும் ஓட்டை! "ஆயா, இது கல் இல்ல, மரம்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மரத்துல துவைச்சா சாயம் ஏறுமே, ஏறலையே" என்றார். கல்லாகிப்போன மரம் என்று விளக்கினேன். "அப்ப என்ன மரம்?" வெட்டி, மெலிதாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும் என்றேன். "வெட்டினாத்தான் தெரியும்னா தெரியவே வேணாம். கல்லு போச்சுன்னா நீயா வந்து துவைப்ப?"

சிரிக்கிறீர்கள். ஆனால் அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "எம் மாமனாரு கெணறு வெட்டுறப்ப ரெண்டாள் ஆழத்துல வந்துச்சு. இன்னும் பெருசு ஒண்ணு கெழக்க பாத்துப் படுத்திருந்துச்சு, அதை எடுக்க முடியல." எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்தத் திசை, எல்லாம் வந்துவிட்டது! மரங்கள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன என்று பல இடங்களில் குறித்தால் அன்றைய ஆறு ஓடிய திசையைக் கணிக்கலாம். அந்தத் தம்பியிடம் ஒரு பெட்டி நிறைய கல்மரம் இருந்தது. எது எங்கே கிடைத்தது என்று ஒன்றுக்கும் எழுதவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அவனிடமும் சொன்னேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக் கல்மரப் பூங்காவிலிருந்து துண்டுகளைத் திருடிப்போனவர்கள் மனம் உறுத்தி, மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுகளைப் பழைய இடத்தில் வைக்க முடியாது. எந்த இடம் என்று தெரியாதே! ஒரு குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

என்ன மரம் என்று குடும்பம், பேரினம் வரை சொல்ல, குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு என்று மூன்று வெட்டு வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு கனத்துக்குத் தேய்க்க வேண்டும். அது ஆய்வுக்கூடத்தில் நடக்கிற வேலை, பிறகும் நடக்கும். செம்மண்ணோடு கல்மரத்தையும் சேர்த்து அள்ளுகிற லாரி மட்டும் அதுவரை காத்திருக்காது. இதைச் சொல்லி ஒரு மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "கல்லுக்கு எதுக்கு சார் மனு?" என்று கேட்டார்கள்.

தலைவர் அம்மா, நான் கேட்பது இதுதான். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு கல்மரப் பதிவேடு. இடம், ஆழம், நீளம், கிடந்த திசை, ஒரு போட்டோ. பள்ளிப் பிள்ளைகளே எழுதுவார்கள். பூங்காவுக்குள் இருப்பதில் யாரும் கை வைக்க வேண்டாம், வெளியே கிடப்பதையும் கிடக்கிற இடத்திலேயே விட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. வயதைப் பற்றிப் பேச நேரமில்லை. விலை பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை, கடைசி வரிசை மன்னிக்கட்டும். வாசலில் மேசை மேல் முதல் நோட்டை வைத்திருக்கிறேன். வீட்டில் கல்மரம் உள்ளவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். அந்த ஆயாவின் கல்தான் ஒன்றாம் எண். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், தயவுசெய்து கழற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.