லண்டன் குவிமாடத்தின் கீழ் இரண்டு திருச்சிக் கதைகள்

வணக்கம் நேயர்களே. லண்டனில் இருக்கும் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் திருச்சிக்காரன், சின்ன வயதில் மலைக்கோட்டைப் படிகளில் ஓடி ஏறியவன். அதனால் செயின்ட் பால்ஸில் உச்சிவரை 528 படிகள் என்று கேள்விப்பட்டதுமே ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதல் 257 படிகள் ஏறினால் ஒரு வட்டமான மாடம் வரும், குவிமாடத்தின் உட்பக்கத்தைச் சுற்றி ஓடும் பால்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விஸ்பரிங் கேலரி என்று பெயர். கீழே பார்த்தால் தரையில் நடப்பவர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். என் மனைவி நேர் எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டாள், எங்களுக்கு நடுவே 30 மீட்டருக்கும் அதிகமான வெட்டவெளி. நான் என் பக்கத்துச் சுவரை ஒட்டி மெல்ல, பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காதபடி, "சாப்பிட்டியா?" என்றேன். "காலையிலேயே ஆச்சு" என்ற பதில் என் தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ சொல்வதைப் போல வந்து விழுந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்று ராலே பிரபு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி விளக்கியிருக்கிறார். ஒலி நடுவெளியைத் தாண்டிப் போவதில்லை, வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து போகிறது. அவர் கணக்குப்படி, சுவரை விட்டு விலக விலக ஒலி சீராகத் தேய்ந்துகொண்டே போக வேண்டும். சரி, இனிமேல்தான் நம்ம ஊர்க் கதை. 1921இல் கல்கத்தாவிலிருந்து ஒரு இளம் பேராசிரியர் பல்கலைக்கழக மாநாட்டுக்காக இங்கிலாந்து போகிறார், போன இடத்தில் இந்த மாடத்தில் நின்று சோதனை செய்கிறார். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன்தான் அவர். சதர்லேண்ட் என்பவரோடு சேர்ந்து அவர் கண்டது, ஒலி சீராகக் குறையவில்லை என்பது. சுவரிலிருந்து உள்நோக்கி வரும்போதும் சரி, சுவரோடு சுற்றி வரும்போதும் சரி, ஓரிடத்தில் ஓங்கி, அடுத்த இடத்தில் மங்கி, மறுபடி ஓங்குகிறது. அதே வருடம் 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்கள். அந்தப் பயணம் முடிந்து கப்பலில் திரும்பும்போதுதான் மத்தியதரைக் கடலின் நீலம் ராமனைப் பிடித்துக்கொண்டது, அந்த வழியில் போய்த்தான் 1930இல் நோபல் பரிசு வந்தது. கடல் கதை நம் எல்லோருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் அவர் ஒரு தேவாலயச் சுவரில் காதை வைத்து நின்றதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் மேலே ஏறினோம். படிக்கட்டு குறுகிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் இரும்புச் சுழல்படிதான். அங்கேதான் இந்தக் கட்டடத்தின் ரகசியம் தெரிந்தது. வெளியே ஊர் முழுக்கத் தெரிகிற குவிமாடம் வேறு, உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கிற குவிமாடம் வேறு! கட்டிய கிறிஸ்டோபர் ரென் இரண்டையும் தனித்தனியாக அமைத்து, நடுவே யார் கண்ணுக்கும் படாமல் செங்கல்லால் ஒரு கூம்பு எழுப்பினார். உச்சியில் சின்னக் கோபுரம் மாதிரி நிற்கும் கல் விளக்கு மாடத்தின் எடை சுமார் 850 டன், அத்தனையையும் சுமப்பது 18 அங்குலக் கனமே உள்ள அந்தக் கூம்புதான். வெளியே தெரிவது மரச்சட்டத்தின் மேல் ஈயத் தகடு போர்த்தியது. கூம்பு பாரம் தாங்காமல் அடியில் விரிந்துவிடாதபடி இரும்புச் சங்கிலியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் செங்கல்லைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே ஏறியது எனக்கு உச்சியிலிருந்து தேம்ஸ் நதியைப் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது.

மரச்சட்டம் என்றேனே, அதுதான் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய பயம். 1940 டிசம்பர் 29 இரவு சுற்றிலும் நகரம் எரிகிறது, ஒரு தீக்குண்டு குவிமாடத்து ஈயத்தில் செருகிக்கொண்டது. ஈயம் உருகத் தொடங்கியது. இரவிரவாகக் காவல் நின்ற தொண்டர்களால் அதை எட்ட முடியவில்லை. நல்லவேளை, அது உள்பக்கம் விழாமல் வெளியே இருந்த மாடத்தில் விழுந்தது, அவர்கள் ஓடிப்போய் அணைத்தார்கள்.

1666இல் லண்டனை எரித்த பெருந்தீயில் பழைய பேராலயம் போன பிறகு, 1675இல் தொடங்கி முப்பத்தைந்து வருடம் போல நடந்த வேலை இது. ரென் 90 வயதுவரை இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார். நிலவறையில் கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் தரைப்படைத் தளபதி வெலிங்டனுக்கும் பெரிய கல்லறைகள், ரென்னுக்கோ ஒரு எளிய கருங்கல் பலகை. அவருடைய நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிப் பாருங்கள் என்று சுவரில் லத்தீனில் எழுதியிருக்கிறது.

இன்னொரு திருச்சிக் கதை பாக்கி இருக்கிறது. இதே பேராலயத்தில் மண்டியிட்டிருக்கும் ஒரு பிஷப்பின் பளிங்குச் சிலை உண்டு, சாண்ட்ரி என்ற சிற்பி வடித்தது. பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். ஹீபர்! நம் ஊரில் பஸ் நிறுத்தத்தில் தினமும் கேட்கிற பெயர், பிஷப் ஹீபர் கல்லூரியின் ஹீபர். கல்கத்தா பிஷப்பாக இருந்தவர், 1826 ஏப்ரலில் திருச்சிக்கு வந்த இடத்தில், காலை வழிபாட்டை முடித்துக் குளிக்க இறங்கியவர் தண்ணீரிலேயே இறந்துபோனார். 42 வயது. உடல் திருச்சி செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில், சிலை இங்கே. அந்தத் தேவாலயத்தைத் தாண்டி எத்தனை முறை சைக்கிளில் போயிருக்கிறேன், ஒருநாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பது லண்டனில் நிற்கும்போதுதான் உறைத்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேல் மாடங்கள் சில சமயம் மூடியிருக்கும், விசாரித்துக்கொண்டு போங்கள். சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஆனால் மாலை வழிபாட்டுக்கு யாரும் போய் உட்காரலாம், காசு கிடையாது. நாங்களும் உட்கார்ந்தோம். பாடகர் குழு பாடி நிறுத்திய பிறகும் அந்தக் குரல் மேலே குவிமாடத்துக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது, அது முழுதாக அடங்குகிறவரை அடுத்த வரியைத் தொடங்காமல் அவர்கள் காத்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.